கர்நாடக சங்கீதம் தெரிந்தவருக்குக் கிட்டார் தியரி எதற்கு?

ரோஸ் ஹில் வாசகர் ஒருவர், 2023 நவம்பர் 10

சிறு வயதில் கர்நாடக வாய்ப்பாட்டு படித்தவன் நான். இப்போது வீட்டில் தனியாகக் கிட்டார் பழகுகிறேன். வீடியோக்களில் மேஜர், மைனர், மோட் என்று மணிக்கணக்கில் பேசுகிறார்கள். எல்லாம் நம்முடைய சங்கராபரணமும் நடபைரவியும்தானே? ச என்றால் தோ, ரி என்றால் ரே. சரிகம தெரிந்தவனுக்கு மேற்கத்திய தியரி தனியாக எதற்கு? அந்த நேரத்தை விரலுக்குக் கொடுக்கலாம் என்கிறேன். மறுப்பவர் உண்டா?

2023 நவம்பர் 11

நான் மறுக்கிறேன். நீங்கள் சொன்னதில் பாதி சரி. மீதிப் பாதிதான் கிட்டாரை அலமாரி மேல் ஏற்றிவைக்கப் போகிறது.

சரியான பாதி: 72 மேளங்களில் (ஏழு சுரமும் கொண்ட தாய் ராகங்களில்) 29ஆவதான தீரசங்கராபரணத்தின் ஏழு சுரங்களும் மேஜர் ஸ்கேலின் ஏழு சுரங்களும் ஒன்றே. 20ஆவதான நடபைரவி இயல்பான மைனர். இதைப் புதிதாகப் படிக்கவேண்டியதில்லை, உங்கள் தொண்டையில் ஏற்கெனவே இருக்கிறது.

தவறான பாதி: ச என்றால் தோ என்பது. மொரிஷியஸில் நாம் பிரெஞ்சு வழியில் தோ, ரே, மி கற்றவர்கள். அந்த முறையில் தோ ஓரிடத்தில் நிற்பது, யார் பாடினாலும் நகராது. ச அப்படியில்லை, பாடுகிறவர் வைத்த இடம்தான் ச. தோவுக்கு ஈடாக நம்மிடம் இருப்பது ச அல்ல, ஒன்றாம் கட்டை. ரே இரண்டு கட்டை, மி மூன்று, ஃபா நான்கு, சோல் ஐந்து, லா ஆறு, சி ஏழு. மிருதங்கக்காரர் 'எத்தனை கட்டை?' என்று கேட்கிறாரே, அவர் கேட்பது 'உங்கள் ச எந்த இடத்தில்?' என்பதைத்தான். நீங்கள் சிறுவயதிலேயே இந்தக் கணக்கைப் போட்டவர், கிட்டாரைக் கையில் எடுத்ததும் மறந்துவிட்டீர்கள்.

சோல் மேஜர் வாசிக்கும்போது சரிகம பொருந்தவில்லை என்று இன்னொரு இழையில் புலம்பியிருந்தீர்கள். காரணம் இதுதான். அங்கே ச ஐந்து கட்டையில் இருக்கிறது. ரி லாவில், க சியில், ம தோவில், ப ரேயில், த மியில், நி ஃபா டியேஸில் (அரைச் சுரம் ஏறிய ஃபாவில்). அந்த ஒரு டியேஸ் எங்கிருந்து முளைத்தது என்று வீடியோக்காரர் அரை மணி நேரம் விளக்குவார். ச இடம் மாறினாலும் நிக்கும் மேல் சவுக்கும் நடுவே அரைச் சுரம் இருந்தே ஆகவேண்டும், அதற்காக ஃபா ஒரு ஃபிரெட் (கிட்டார் கழுத்தின் குறுக்குப் பட்டை, ஒன்றுக்கு அரைச் சுரம்) மேலே ஏறுகிறது. அவ்வளவுதான்.

2023 நவம்பர் 12

தீபாவளி வேலைக்கு நடுவே ஒரு வரி. இந்த இழையில் பிரெஞ்சுப் பெயர்களையே எழுதப்போகிறேன். பிரெஞ்சுக்காரரின் சி ஏழு கட்டை, ஆங்கிலேயரின் சி ஒன்றாம் கட்டை. தமிழில் இரண்டையும் ஒரே எழுத்தில்தான் எழுதவேண்டும். வீட்டில் கிரியோல், பள்ளியில் தமிழ், பரீட்சைக்கு ஆங்கிலம், பாட்டுக்குப் பிரெஞ்சு என்று வளர்ந்தவர்கள் இந்தக் குழியில் விழாமல் இருந்தால்தான் ஆச்சரியம். என் மகளுக்கு ஒருவர் 'சி வாசி' என்றார், அவள் ஒன்றை வாசித்தாள், அவர் மற்றொன்றை எதிர்பார்த்தார். இருவரும் சரி.

2023 நவம்பர் 19

'அப்படியானால் தியரியை எங்கிருந்து தொடங்குவது, புத்தகம் சொல்லுங்கள்' என்று கேட்டிருக்கிறீர்கள். புத்தகம் பிறகு. முதலில் கிட்டாரை மடியில் வையுங்கள்.

திறந்த கம்பிகள் ஆறும் தடித்ததிலிருந்து மெல்லியது வரை மி, லா, ரே, சோல், சி, மி. இப்போது மெல்லிய மூன்று கம்பிகளில் தோ மேஜரின் சுரங்களை மட்டும், டியேஸ், பெமோல் (அரைச் சுரம் இறக்கியது) எதுவும் இல்லாமல், மெதுவாக வாசியுங்கள். கட்டைவிரல் ஆறாவது கம்பியான மியைத் தம்பூரா போல இடைவிடாமல் மீட்டிக்கொண்டே இருக்கட்டும். காதுக்கு வருவது தோடியின் சுரங்கள். விரல்களை மாற்றாமல் கட்டைவிரலை மட்டும் ஐந்தாவது கம்பிக்கு நகர்த்துங்கள், நடபைரவி. நான்காவது கம்பிக்கு வந்தால் கரகரப்பிரியா. மூன்றாவதில் அரிகாம்போதி (அங்கே மேலிரண்டு கம்பிகள் மட்டும்தான் மிஞ்சும், பரவாயில்லை). ஐந்தாவது கம்பியின் மூன்றாம் ஃபிரெட்டை அழுத்தி மீட்டினால் தோ, சங்கராபரணம். நான்காவது கம்பியின் மூன்றாம் ஃபிரெட் ஃபா, அதில் கல்யாணி.

இது கிரக பேதம், அதே சுரங்களில் சவை மட்டும் இடம் மாற்றுவது. வீடியோக்காரர்கள் மோட் என்று சொல்லி பயமுறுத்துவதும் இதே. சி கம்பியை ஆதாரமாக வைத்துப் பாருங்கள், பஞ்சமம் கிடைக்காது, அதனால் நம் மேளங்களில் அதற்கு இடமில்லை. மேற்கத்தியர் அதற்கும் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள், வாசிப்பவர் குறைவு.

சிலப்பதிகாரத்தில் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்ற ஏழையும் இப்படி இடம் மாற்றிப் பண் பிறப்பிக்கும் முறை பேசப்படுகிறது. அதை வைத்துத் தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் 1917இல் கருணாமிர்த சாகரம் என்று ஒரு மலையையே எழுதிவைத்தார். அந்தப் பக்கம் போனால் கிட்டார் பழக நேரம் இருக்காது. நான் போய் வந்தவன், சொல்கிறேன்.

2023 நவம்பர் 20

கியூர்பிப் அக்கா கேட்டதற்கு: ஆம், தோடியின் சுரங்கள் என்றுதான் எழுதினேன், தோடி என்று எழுதவில்லை. கமகம் (சுரத்தை அசைத்துப் பாடுவது) இல்லாத தோடியை மோக்காவில் மகாத்மா காந்தி நிறுவனத்து வகுப்பில் பாடிக் காட்டினால் என்ன பார்வை கிடைக்கும் என்று உங்களுக்குத் தெரியும்.

2023 டிசம்பர் 2

இதுவரை எழுதியதைப் படித்தால் நான் ரோஸ் ஹில் தம்பியின் கட்சிக்கே போய்விட்டதுபோல் தோன்றும். எல்லாம் நம்மிடம் இருக்கிறது என்றால் தியரி எதற்கு?

கார்டுக்கு. மூன்று நான்கு சுரங்கள் ஒரே நேரத்தில் ஒலிக்கும்போது என்ன நடக்கிறது என்பதைப் பற்றி நம் சங்கீதம் பேசுவதில்லை. அதற்கு அந்தத் தேவை வரவில்லை. கிட்டார்காரனுக்கோ பிழைப்பே அதுதான்.

நிரவல், கற்பனைச்சுரம் என்று அசத்தும் ஒருவர் கிட்டாரோடு எங்கள் கல்யாண வாத்தியக் குழுவுக்கு ஒருமுறை வந்தார். மோகனத்தில் ஒரு பாட்டு. ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு மேஜர் கார்ட் போட்டார். ரிஷபத்துக்கு ரே மேஜர் வந்து நின்றதும் பாடகி திரும்பிப் பார்த்தார். ரே மேஜருக்குள் ஃபா டியேஸ் இருக்கிறது. ஒன்றாம் கட்டை மோகனத்தில் அதற்கு என்ன வேலை? தோ, ரே, மி, சோல், லா என்ற ஐந்து சுரங்களுக்குள் அடுக்கிப் பாருங்கள். முழுதாக அமையும் முக்கூட்டு (மூன்று சுரக் கார்ட்) இரண்டே: தோ-மி-சோல், லா-தோ-மி. அதாவது தோ மேஜர், லா மைனர். இந்த இரண்டை வைத்துக்கொண்டு நான்கு நிமிடம் சலிப்பில்லாமல் ஓட்டுவது எப்படி என்பதுதான் பயிற்சி. வெளியிலிருந்து கார்ட் கொண்டுவரலாம், சினிமாவில் நாள்தோறும் செய்கிறார்கள். ஆனால் வெளியிலிருந்து வருகிறது என்று தெரிந்து கொண்டுவரவேண்டும்.

சங்கராபரணத்தில் ஏழு கிடைக்கும். ச, ம, ப மீது மேஜர். ரி, க, த மீது மைனர். நி மீது பஞ்சமம் குறைந்த ஒரு முக்கூட்டு. மேளம் எண் தெரிந்தவருக்கு இது தெரிந்திருக்காது, ஆனால் கணக்குப் போட ஒரு மாலை போதும். தாளில் எழுதிப் போடுங்கள். என் பேச்சை நம்பவேண்டாம்.

அடுத்து, ஒரு கார்ட் ஏன் இன்னொன்றை இழுக்கிறது? சோல் செவென்த் (சோல் மேஜரோடு ஃபாவும் சேர்ந்த கார்ட்) பிடியுங்கள். ஆள்காட்டி விரல் முதல் கம்பியின் முதல் ஃபிரெட்டில், அது ஃபா. இரண்டாவது கம்பி திறந்திருக்கிறது, அது சி. இனி தோ மேஜருக்குப் போங்கள், விரலை மெதுவாக நகர்த்துங்கள். ஆள்காட்டி விரல் பக்கத்துக் கம்பிக்குத் தாவுகிறது. அது விட்டுப்போன கம்பி திறந்து மி ஆகிறது. அது போய் அழுத்திய கம்பி சியிலிருந்து தோ ஆகிறது. ம இறங்கிக் கவாகிறது, நி ஏறிச் சவாகிறது, இரண்டும் அரைச் சுர நகர்வு. பாட்டு வீட்டுக்கு வந்து சேர்ந்த உணர்வு ஒரு விரல் ஒரு கம்பி தாண்டியதில் பிறக்கிறது. மேற்கத்திய தியரியில் பல அத்தியாயங்கள் இந்த ஒரு தாவலின் விரிவுரை. இதை விரலில் உணராமல் படித்தால் அது பரீட்சைத் தமிழ் போலத்தான் இருக்கும்.

2023 டிசம்பர் 3

நேற்றைய குறிப்புக்கு ஒரு பின்குறிப்பு. கர்நாடக முதல் பாடமான சரளி வரிசையை மாயாமாளவகௌளையில் கிட்டாரில் வாசிக்கலாமா என்று கேட்டீர்கள். தாராளமாக. அதன் சுரங்களுக்குள் தோ மேஜரும், ஒரே ஒரு ஃபிரெட் மேலே ரே பெமோல் மேஜரும் முழுதாகக் கிடைக்கும். இரண்டையும் மாற்றி மாற்றி அடித்தேன். எங்கள் கீழ்வீட்டுக்காரர் மாடிப்படியில் நின்று 'ஸ்பானியப் பாட்டா, நன்றாக இருக்கிறது' என்றார். ஸ்பெயின் கிட்டாரும் ஒரு ஃபிரெட் இடைவெளியில் நிற்கும் இரண்டு மேஜர் கார்டுகளை நம்பிப் பிழைப்பதுதான், அதனால் அவரைக் குறை சொல்ல முடியாது. சரளி வரிசையை வகுத்ததாகச் சொல்லப்படும் புரந்தரதாசர் என்ன சொல்லியிருப்பாரோ.

2023 டிசம்பர் 17

விரல் வலி பற்றி இருவர். கிட்டாரைப் பாருங்கள், பிறகு விரலைப் பாருங்கள். 12ஆம் ஃபிரெட்டுக்கு மேல் கம்பி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று ஸ்கேலால் அளவெடுங்கள். எஃகுக் கம்பிக் கிட்டாரில் தடித்த கம்பிக்குச் சுமார் இரண்டரை மில்லிமீட்டர் போதும். நைலான் கிட்டாரில் மூன்றரை, நான்கு வரை பொறுக்கலாம். போர்ட் லூயியில் ஒரு கடையில் என் மைத்துனர் வாங்கிவந்த கிட்டாரில் ஐந்துக்கு மேல் இருந்தது. ஃபா கார்ட் வரவில்லை என்று மனிதர் தன் பரம்பரையையே நொந்துகொண்டார். பாலத்தின் மேலுள்ள வெள்ளைச் சட்டத்தை எடுத்து அடிப்பக்கம் உப்புத்தாளில் தேய்த்தோம். கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்க்கவேண்டும், தேய்த்ததைத் திரும்ப ஒட்ட முடியாது.

வீட்டில் தொடங்குகிறவருக்கு நைலான்தான் என் சிபாரிசு. இழுவிசை குறைவு, விரல் பிழைக்கும்.

2024 ஜனவரி 16

பெலால் புயல் நேற்று வந்து போனது. போர்ட் லூயியில் தெருக்களில் கார்கள் மிதந்ததை எல்லோரும் பார்த்திருப்பீர்கள், அதைப் பற்றி எழுத இது இடமில்லை. எங்கள் பகுதியில் மின்சாரம் போய்விட்டது. கைபேசியில் மிச்சமிருந்த மின்னூட்டத்தைச் செய்திக்கு வைத்துக்கொண்டதால் மெட்ரோனோம் இல்லை, சுருதிக் கருவி இல்லை, வீடியோ இல்லை.

ரோஸ் ஹில் தம்பி, உங்கள் கட்சிக்கு ஒரு சலுகை தருகிறேன். அந்த இருட்டில் எனக்குக் கை கொடுத்தது கர்நாடகப் பயிற்சிதான். ஒரு கையால் தாளம் போட்டுக்கொண்டே பாடி, பிறகு அதே வரியைக் கம்பியில் தேடினேன். முதலில் குரலில், பிறகு விரலில். சுரம் வாயில் வராதவரை விரல் அங்கே போகக்கூடாது என்று எனக்கே கட்டளை. ஒரே கம்பியில், மேலும் கீழும். விரல் பழகிய வடிவங்கள் அப்போது உதவாது, காதுதான் வழிகாட்ட வேண்டும். வெளிச்சத்தில் இதைச் செய்வதற்கு எனக்குப் பொறுமை இருந்ததில்லை.

மழை நாளில் கிட்டாரைச் சுவரில் மாட்டாதீர்கள். ஈரம் ஏறினால் மேல்பலகை உப்பிக் கம்பி உயர்ந்துவிடும், டிசம்பரில் தேய்த்ததெல்லாம் வீண். பெட்டிக்குள் சிலிக்கா பொட்டலம் போட்டு மூடிவையுங்கள். கியூர்பிப்காரர்களுக்கு இதை ஆண்டு முழுவதும் சொல்லலாம்.

2024 ஜனவரி 26

நேற்றைய காவடி முடிந்து கால் வலியோடு எழுதுகிறேன். கோர் த கார்ட் மலைக் கோயிலில் படியேறும்போது பின்னால் வந்தவர்கள் பாடிக்கொண்டே வந்தார்கள். தகிட தகிட, தகிட தகிட. காவடிச் சிந்து பெரும்பாலும் இந்தத் திஸ்ர (மும்மூன்றான) நடையில்தான் ஓடும். படிக்கட்டில் எனக்குத் தோன்றியது: நம் ஊர் ஆட்டப்பாட்டான செகாவுக்கு வலக்கை வரவில்லை என்று இங்கே மூன்று பேர் கேட்டிருந்தார்களே, பதில் இதிலேயே இருக்கிறது.

செகா ஆறு துடிப்பு. ரவான் (தோல் பறை), மரவான் (குலுக்கும் பெட்டி), டிரையாங்கிள் மூன்றும் அந்த ஆறுக்குள் ஆளுக்கொரு வழியில் நடக்கும். கிட்டாரில் அதை அடிக்கும்போது வலக்கையை ஊசல்போல் நிறுத்தாமல் ஆட்டுங்கள்: கீழ், மேல், கீழ், மேல், கீழ், மேல். இப்போது அழுத்தத்தை ஒன்றிலும் நான்கிலும் கொடுங்கள். ஒன்று கீழடியில் விழும், நான்கு மேலடியில் விழும். கை கீழே வருவது ஒன்று, மூன்று, ஐந்தில்; அதாவது கை 'தக தக தக' என்று மூன்று இரண்டுகளாகப் போகிறது. காது கேட்பது 'தகிட தகிட' என்று இரண்டு மூன்றுகள். இந்த இரண்டும் ஒரே கையில் ஒன்றோடொன்று உரசுவதில்தான் செகாவின் ஆட்டம் இருக்கிறது. நான்காவது துடிப்பின் மேலடி பலமாக விழவில்லையென்றால் அது வெறும் வால்ட்ஸ் (மூன்றடி ஐரோப்பிய நடனம்). புதியவர்கள் அந்த நான்கையும் கீழடியாக மாற்றிக்கொள்கிறார்கள். சுலபமாகத்தான் இருக்கும், ஆனால் யாரும் ஆட எழமாட்டார்கள்.

வாயில் தகிட தகிட சொல்லிக்கொண்டே கையை ஆட்டுங்கள். கம்பிகளை இடக்கையால் லேசாகத் தொட்டு ஊமையாக்கிவிடுங்கள், கார்ட் வேண்டாம். கார்ட் வந்தால் கவனம் அங்கே போய்விடும்.

மகேபூரில் ரவான் வாசிக்கும் என் பெரியப்பா மகனிடம் இதைச் சொன்னேன். தோலைத் தீயில் காட்டிக்கொண்டே, 'இதை எழுதி வேறு வைக்கிறாயா?' என்றார்.

2024 ஜனவரி 28

ரியூனியனிலிருந்து எழுதிய அண்ணாவுக்கு: உங்கள் ஊர் மலோயா பாட்டும் இதே ஆறு துடிப்புதான், மறுக்கவில்லை. மரவானுக்கு உங்கள் ஊரில் கயாம்ப். யுனெஸ்கோ பட்டியலில் மலோயா 2009, எங்கள் செகா திப்பிக் 2014, ஐந்தாண்டு முந்திவிட்டீர்கள். அதை வைத்துக் கிட்டார் வாசிக்க முடியாது.

2024 பிப்ரவரி 10

சுருதி சேர்ப்பதில் தலைவலி என்று பலர். கருவி பச்சை விளக்குக் காட்டுகிறது, ஆனாலும் சோல் மேஜர் கசக்கிறது. கர்நாடகக் காது உள்ளவர்களுக்குத்தான் இந்தப் புகார் அதிகம், காரணமும் உண்டு.

தம்பூராவோடு பாடும்போது அந்தர காந்தாரம் சவிலிருந்து சுமார் 386 சென்ட் (சென்ட் என்பது அரைச் சுரத்தில் நூறில் ஒரு பங்கு) தூரத்தில் போய் அமர்கிறது. கிட்டாரின் ஃபிரெட்டுகள் ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சமபங்காகப் பிரித்தவை, அதில் காந்தாரம் 400. பதினான்கு சென்ட் அதிகம். பழகிய காதுக்கு உறுத்தும். உடனே இரண்டாவது கம்பியான சியைச் சற்றுத் தளர்த்துவீர்கள், ஏனென்றால் சோல் மேஜரில் சிதான் காந்தாரம். சோல் மேஜர் தேனாக இனிக்கும். அடுத்து மி மேஜர் போடுங்கள். அங்கே அதே சி பஞ்சமம், பஞ்சமம் தளர்ந்தால் யாருக்கும் தாங்காது. ஒன்றைத் திருத்தினால் மற்றொன்று கெடும், எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் பிசகியிருக்கவேண்டும் என்பதுதான் இந்த வாத்தியத்தின் ஒப்பந்தம். கருவி காட்டும் இடத்தில் விட்டுவிடுங்கள்.

இதைச் சொன்னபிறகு நவம்பர் 19 குறிப்புக்கும் ஒரு திருத்தம். ஒற்றை ஆதாரக் கம்பி வைத்து நெடுநேரம் மேளம் வாசிக்கும்போது காந்தாரத்தைக் கம்பியை இழுத்துச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். இழுத்தால் சுரம் ஏறத்தான் செய்யும், இறங்காது. கமகத்துக்காக இழுப்பது வேறு. கிட்டார் கலைஞர் ஜான் மெக்லாக்லின் தன் சக்தி குழுவுக்காக ஃபிரெட்டுகளுக்கு நடுவே பலகையைக் குடைந்த கிட்டாரை வைத்துக்கொண்டது அதற்குத்தான். நீங்கள் குடையாதீர்கள்.

2024 பிப்ரவரி 11

நோட்டேஷன் (மேற்கத்திய சுரக்குறிப்பு) படிக்கத் தெரியவேண்டுமா என்ற கேள்வியைத் தவிர்த்துக்கொண்டே வந்தேன். வேண்டும், ஆனால் இப்போது இல்லை. பரீட்சை எழுதுவோர் மட்டும் இன்றே தொடங்கட்டும். இணையத்தில் கிடைக்கும் டேப் எந்தக் கம்பி, எந்த ஃபிரெட் என்று சொல்லும், எவ்வளவு நேரம் என்று பெரும்பாலும் சொல்லாது. அந்தக் குறையைத் தாளம் தெரிந்தவர் காதால் நிரப்பிக்கொள்ளலாம்.

2024 மார்ச் 2

ரோஸ் ஹில் தம்பி திரும்பி வந்து, தான் சொன்னதில் முக்கால்வாசியை விட்டுத்தர மாட்டேன் என்கிறார். வைத்துக்கொள்ளுங்கள். சோல் செவென்த் வாசித்தீர்களா என்று மட்டும் கேட்கிறேன், அதற்கு உங்கள் நீண்ட பதிலில் பதில் இல்லை.

அவருடைய அக்காவுக்குப் பக்கவாத்தியமாக வாசிக்கவேண்டும், அக்கா ஐந்தரைக் கட்டையில் பாடுகிறவர், பார் கார்ட் (ஒரே விரலால் எல்லாக் கம்பியையும் அழுத்தும் கார்ட்) இன்னும் வரவில்லை, என்ன செய்வது என்பது இன்றைய கேள்வி. கேப்போ (கழுத்தில் மாட்டி எல்லாக் கம்பியையும் அழுத்தும் கவ்வி) வாங்குங்கள். அதை ஒவ்வொரு ஃபிரெட் மேலே நகர்த்தும்போதும் சுருதி அரைக் கட்டை கூடும் என்று சொல்ல ஆசை, ஆனால் மூன்றிலிருந்து நான்குக்கும் ஏழிலிருந்து மேல் ஒன்றுக்கும் நடுவே அரை கிடையாது, அங்கே ஒரே ஃபிரெட்டில் ஒரு கட்டை ஏறிவிடும். அதனால் பட்டியலாகவே தருகிறேன். ஐந்தரைக்குக் கேப்போ முதல் ஃபிரெட்டில், பிடிப்பது சோல் வடிவம். நாலரைக்கு இரண்டாவதில், மி வடிவம். இரண்டரைக்கு முதலில், ரே வடிவம். ஆறரைக்கு மூன்றாவதில், மறுபடி சோல். ஒன்றாம் கட்டை ஆண் குரலுக்குக் கேப்போ இல்லாமல் தோ வடிவம், ஃபா கார்ட் பயமுறுத்தினால் மூன்றாவதில் லா வடிவம்.

கேப்போவைப் போட்டபிறகு சுருதியை ஒருமுறை சரிபாருங்கள், அழுத்தத்தில் கம்பி சற்று ஏறியிருக்கும். அக்கா பாடத் தொடங்கியபிறகு சரிபார்க்க வேண்டாம்.

இனி பார் கார்டைப் பற்றித் தனி இழை தொடங்குங்கள். இது நீண்டுவிட்டது.